மனு எழுதுவதற்கு முன்னால்

வேலூரில் ஒரு பொதுப் பிரச்சினையைக் கையில் எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "நீங்க எந்தக் கட்சி?" என்பதுதான். எந்தக் கட்சியும் இல்லை என்றால், "அப்போ பின்னாடி யாரு இருக்காங்க?" என்பார்கள். யாருமில்லை என்றால், "தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்று முடிப்பார்கள். கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 18 அன்று தமிழ்நாடே வாக்களித்தபோது எங்கள் தொகுதி மட்டும் வாக்களிக்கவில்லை. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால், இரண்டு நாள் முன்னால் தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் தேர்தலையே ரத்து செய்தார். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தேர்தல் நாட்டிலேயே ரத்தானது அதுதான் முதல்முறை. பிறகு ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்து, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. இதையெல்லாம் பார்த்த ஊர், சொந்தக் காசில் டேப் வாங்கி நடைபாதையை அளக்கிறவர்களைச் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

எங்களுடையது சின்ன அமைப்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடுகிறது, கணக்கை எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருத்துவமனை நர்ஸ்கள், தோல் கம்பெனியில் கணக்கு பார்த்தவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பஜாரில் கடை வைத்திருப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை பல பகுதிக்காரர்கள் இருக்கிறோம். உறுப்பினர்களில் கட்சிக்காரர்களும் உண்டு; அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பொறுப்பாளர்கள் எவரும் கட்சிப் பதவியில் இருக்கக் கூடாது. மாநகராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவர்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. யாருக்கும் சால்வை போடுவதில்லை, யார் போட்டாலும் வாங்கிக்கொள்வதில்லை. கரைவேட்டி கட்டுகிற எங்கள் உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் சாதா வேட்டியில் வருகிறார்கள். அப்படி ஒரு விதியை நாங்கள் எழுதவே இல்லை.

கட்சி சார்பில்லை என்றால் கருத்தே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எங்களிடமே புதிதாகச் சேர்கிறவர்கள், "நாம பொதுவானவங்க, இதுல எல்லாம் வாய் திறக்கலாமா?" என்று தயங்குவார்கள். ஆளையும் கட்சியையும் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பிரச்சினையைப் பற்றி உறுதியாகப் பேசுவோம். மேயருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேசுவோம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ், அதாவது பெண் வாக்காளர் சங்கம் என்று பெயர். அங்கே பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை உறுதியானது 1920 ஆகஸ்டில். அதற்கு ஆறு மாதம் முன்பே, பிப்ரவரியில் சிகாகோவில், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தை நடத்திய கேரி சாப்மன் கேட் முதலானவர்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். வாக்கு கைக்கு வந்தால் போதாது, எதற்காக அதைப் போடுகிறோம் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எந்த வேட்பாளரையும் அவர்கள் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை உறுப்பினர்கள் படித்து, கூடிப் பேசி, ஒருமித்த கருத்துக்கு வந்துவிட்டால், பிறகு அதற்காகச் சட்டமன்றம் வரை போய் நிற்பார்கள். முதலில் படிப்பு, அப்புறம் ஒருமித்த கருத்து, அதன் பிறகுதான் குரல். எங்களுக்கு இந்த வரிசை மிகவும் பிடித்துப்போனது.

அவர்களைப் பற்றி என் மனதில் நின்ற இன்னொன்று 1988-இல் நடந்தது. அதற்கு முந்தைய மூன்று அதிபர் தேர்தல்களில் வேட்பாளர்களின் நேரடி விவாதங்களை நடத்தியவர்கள் அவர்கள்தான். 1988-இல் இரண்டு பெரிய கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, விவாதத்தின் எல்லா ஏற்பாடும் தங்கள் சொற்படிதான் என்று வந்து நின்றன. மக்களை ஏமாற்றுவதற்கு நாங்கள் துணை போக மாட்டோம் என்று சொல்லி லீக் அமைப்பினர் விலகிக்கொண்டார்கள். ஒரு கட்சிக்குச் சாய்ந்தால் எவர் கண்ணிலும் பட்டுவிடும். இரண்டு கட்சியும் சேர்ந்து நம்மைப் பயன்படுத்தும்போது அதைக் கண்டுகொள்வது கடினம், மறுப்பது இன்னும் கடினம்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எந்த விஷயத்தை எடுப்பது என்பதைப் பொதுக்குழுவில்தான் முடிவு செய்கிறோம். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நிச்சயமாக ஒருவர் எழுந்து பாலாறு என்பார். வட ஆற்காட்டுக்காரர்கள் கூடுகிற எந்தக் கூட்டத்திலும் பாலாறு வராமல் இருக்காது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, மீதி 222 கிலோமீட்டர் நம் பக்கம் வரும் ஆறு. 1892-ஆம் ஆண்டு மதராஸ்–மைசூர் ஒப்பந்தத்திலிருந்து தொடங்கி ஆந்திரத் தடுப்பணை வரை எல்லோருக்கும் பேச விஷயம் இருக்கிறது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் எங்களைப் போன்ற நகர அமைப்பு ஒரு தீர்மானம் போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். அதனால் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்களே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறோம். இதை மாற்றும் அதிகாரம் நாம் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் இருக்கிறதா? நமக்குள்ளேயே இதில் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறதா? இரண்டாவது கேள்வி புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயத்துக்குப் படிப்பு எதற்கு? தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு கொடுத்தால் போதும். மனிதர்கள் நியாயமாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிற இடத்தில்தான் படித்துப் பேசுவதற்கு வேலை இருக்கிறது.

அப்படி வந்ததுதான் நடைபாதைக் கடைகள். பஜார் பக்கம் ஒரு தெரு. பேச்சு இன்னும் முடியாததால் தெருவின் பெயரை இங்கே எழுதவில்லை. வேலூரைத் தெரிந்தவர்களுக்கு இப்படிப்பட்ட தெரு நாலைந்து உடனே நினைவுக்கு வரும். வெளிமாநிலங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் கையில் ஸ்கேன் கவரோடு நடப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், மண்டியிலிருந்து மூட்டை தூக்கி வருபவர்கள், இதற்கு நடுவே ஷேர் ஆட்டோ. நடைபாதை என்று கல் பதித்த இடம் இருக்கிறது. அதில் நடக்கத்தான் முடியாது. பிரச்சினையை முன்மொழிந்தவர் பஜாரில் கடை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர். "தள்ளுவண்டிக்காரங்களை எடுக்கச் சொல்லி ஒரு மனு போடுவோம்" என்றார். அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருந்தால் நிறையப் பேர் போட்டிருப்பார்கள். ஆனால் ஆட்டோ ஓட்டும் தோழர் எழுந்து, "அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். பிரிவு தெளிவாகத் தெரிந்தது. படிப்புக்கு எடுத்துக்கொண்டோம்.

ஆய்வுக் குழுவில் இந்த இருவரையும் சேர்த்தே போட்டோம். இது எங்கள் பழக்கம். ஒரே மாதிரி யோசிக்கிறவர்களை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் அறிக்கை சீக்கிரம் வந்துவிடும். ஆனால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். கடைக்காரரும் ஆட்டோக்காரரும் ஒரே டேப்பின் இரண்டு முனையைப் பிடித்து அளந்தால், அந்த அளவை எங்கள் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

காலை, மதியம், மாலை, இரவு என்று வெவ்வேறு நேரங்களில் போனார்கள். நானும் சில நாள் கூடப் போனேன். ஓரிடத்தில் குனிந்து டேப்பை வைத்தபோது பூக்கட்டும் அம்மா ஒருவர், "இன்னா சார் அளக்கறீங்க? கடைய எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நாங்கள் மாநகராட்சி இல்லை, ஊர்க்காரர்கள்தான் என்று விளக்கிச் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, பேச ஆரம்பித்தார். "காலைல ஸ்கூல் பசங்க போற நேரத்துல நானே கூடைய உள்ள இழுத்துக்குவேன் சார். சாயந்திரம் விளக்கு வெச்ச நேரத்துலதான் யாவாரம். நடுமதியம் இந்த எடத்துல ஈ ஓட்டினு கீறோம். அப்போ வேற யாராச்சும் வெச்சிக்கினா எனக்கு இன்னா?" நடைபாதை ஒரு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, நேரத்துக்கு நேரம் அதன் தேவை மாறுகிறது என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அவர் கையில் பூ தொடுத்துக்கொண்டே, எந்த நேரத்தில் யார் அந்த வழியே போவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு நாங்கள் நின்று பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது.

அளந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நடைபாதையைத் தள்ளுவண்டிகள் மட்டும் அடைத்திருக்கவில்லை. நிலையான கடைகளின் படிக்கட்டு, வெளியே இழுத்து வைத்த விளம்பரப் பலகை, டிரான்ஸ்ஃபார்மர், அதைவிட அதிகமாக வரிசையாக நிறுத்திய டூ வீலர்கள். சில இடங்களில் ஓர் ஆள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் போக முடிந்தது. அங்கே தள்ளுவண்டியே இல்லை. இதைக் கடைக்காரரே தன் கையால் நோட்டில் எழுதினார். அவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒரு பக்கம் சட்டத்தையும் படித்தோம். சாலையோர வியாபாரிகளுக்கென்றே 2014-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. ஊரில் யார் யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டும். மாநகராட்சி ஆணையர் தலைமையில் இயங்கும் அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் குறைந்தது 10 சதவீத இடம் உண்டு. இன்னொரு பக்கம், நடந்து போகிறவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகிற அளவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நடப்பவரும் விற்பவரும் எதிரிகள் என்ற எண்ணம் எங்களில் பலருக்குக் கலைந்தது. இரண்டு பேருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, தெருவில்தான் கொடுக்கவில்லை.

தெரியாத விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. இந்த உரிமைக்காக 1997-இலேயே நாட்டில் முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான். 2005-இல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. கேள்வி எப்படி எழுதுவது என்பதை இளைய உறுப்பினர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல் வேண்டும் என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்ததும் தமிழில் நாலு பக்கக் குறிப்பு எழுதினோம். அதில் பரிந்துரை எதுவும் இருக்காது. இரண்டு பக்க நியாயத்தையும், அந்தந்தப் பக்கத்தார் படித்தால் "ஆமா, இதைத்தான் நாங்க சொல்றோம்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது. எதிர்த் தரப்பை அவர்கள் வாய்மொழியில் எழுதத் தெரியாதவர் அந்த விஷயத்தைப் பற்றிப் பொதுவில் பேச இன்னும் தயாராகவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கேள்விகள் தயாரிப்போம். கேள்வியில் விடையை ஒளித்து வைக்கக் கூடாது. "மக்கள் நடக்க முடியாமல் தவிக்கும்போது ஆக்கிரமிப்புக் கடைகளை அகற்ற வேண்டுமா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? இதற்குப் பதிலாக நாங்கள் வைத்த கேள்விகள் வேறு. நடப்பதற்கு எவ்வளவு அகலம் எந்நேரமும் தடையில்லாமல் இருக்க வேண்டும்? மீதமுள்ள இடத்தில் யாருக்கு முன்னுரிமை: தள்ளுவண்டிக்கா, வண்டி நிறுத்தத்துக்கா, கடைகளின் முகப்புக்கா? நேரம் பிரித்துக் கொடுப்பதை ஏற்கலாமா? வியாபாரிகளை வேறிடத்துக்கு மாற்றலாமா, மாற்றினால் எந்த நிபந்தனையில்?

கூட்டங்களைச் சின்னச் சின்னதாக, உறுப்பினர்கள் வீட்டிலேயே வைக்கிறோம். மண்டபத்தில் மைக் வைத்தால் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுவார்கள். வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தால் எல்லோரும் பேசுவார்கள். ஒருமுறை எல்லோரும் பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாவது முறை பேசக் கூடாது. குறிப்பு எடுப்பவர் கடைசியில் அதைப் படித்துக் காட்டுவார். "நான் இப்படிச் சொல்லல" என்று யாராவது சொன்னால் திருத்துவார். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் ஒரு நர்ஸ் அவ்வளவாகப் பேச மாட்டார். அவர் முறை வந்தபோது, "ஒன்பது மணிக்கு மேல அந்தத் தெருவுல இட்லிக் கடை, பழவண்டி லைட் இருக்கறதாலதான் நாங்க பயமில்லாம நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வர்றோம். பெரிய கடைங்க ஷட்டர் போட்டுட்டுப் போயிடறாங்க. இவங்களையும் எடுத்துட்டா அந்தத் தெரு இருட்டு" என்றார். அதுவரை நடப்பவர்களின் வசதிக்காகக் கடைகளை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், நடக்கிற பெண் ஒருவரே இப்படிச் சொன்னதும் யோசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் அளவீட்டில் இந்த விஷயம் வரவே இல்லை. எந்த டேப்பாலும் இதை அளந்திருக்க முடியாது.

நாங்கள் கை தூக்கச் சொல்வதில்லை. வாக்கெடுப்பு வைத்தால் ஐம்பத்தோரு பேர் ஜெயித்து நாற்பத்தொன்பது பேர் தோற்றுப் போவார்கள். தோற்றவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். கட்சியில் தோற்றவருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது, பதவி இருக்கிறது. எங்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் ஏற்கும் இடம் எது என்று தேடுகிறோம். எல்லோருக்கும் முழுதாகப் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு இதைவிட வேற யோசனை இருக்கு, ஆனா இதை நாம வெளியில சொல்லலாம்" என்று ஒருவர் சொன்னால் அது சம்மதம்தான். "இதை என் பேர்ல சொல்லாதீங்க" என்று சிலர் சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவோம். இப்படித்தான் வியாபாரிகளைத் தனிச் சந்தைக்கு மாற்றும் யோசனை எங்களிடம் தேறவில்லை. நிழலும் கழிப்பறையும் உள்ள இடம் என்று சிலர் ஆதரித்தார்கள், ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போனால் பிழைப்புப் போய்விடும் என்று சிலர் எதிர்த்தார்கள். கடைசிவரை இரண்டும் சேரவில்லை. பிறகு அதிகாரி ஒருவர் இதைப் பற்றி எங்கள் கருத்தைக் கேட்டபோது, "அதில் எங்கள் அமைப்புக்கு நிலைப்பாடு இல்லை" என்று எங்கள் தலைவி சொன்னார். அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து உண்டு. அதை அங்கே சொல்லவில்லை. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் அமைப்பு என்பது தலைவரின் சொந்தக் குரலாகச் சுருங்கிவிடும்.

தேறிய நிலைப்பாடு சுருக்கமானது. நடப்பதற்கு 1.8 மீட்டர் எந்நேரமும் தடையின்றி இருக்க வேண்டும். அதற்குள் தள்ளுவண்டியோ டூ வீலரோ கடைப் படிக்கட்டோ எதுவும் கூடாது, விதி எல்லோருக்கும் ஒன்றே. அதற்கு வெளியே மிஞ்சும் இடத்தில் வண்டி நிறுத்துவதைவிட வியாபாரத்துக்கு முன்னுரிமை. பள்ளி நேரத்தில் அந்த இடமும் காலியாக இருக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவும் கணக்கெடுப்பும் சட்டப்படி நடந்த பிறகே யாரையும் இடம் மாற்ற வேண்டும். பொதுக்குழுவில் இதை வரி வரியாகப் படித்து ஏற்றுக்கொண்டோம். தள்ளுவண்டியை எடுக்கச் சொல்லி ஆரம்பித்த கடைக்காரரும் கையெழுத்திட்டார். அவர் கடையின் படிக்கட்டும் இந்த அகலத்துக்குள் வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இப்படி எடுத்த நிலைப்பாடு பொறுப்பாளர்கள் மாறினாலும் மாறாது. மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் படித்து, மறுபடியும் கூடிப் பேச வேண்டும். இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்துத் தோல் கழிவு வழக்கைத்தான் நான் சொல்வேன். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-இல். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்த வழக்கில் பேசியது: தோல் பதனிடும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுதல் முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவையே என்று சொன்ன தீர்ப்பு அது. இன்றும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயமானது. அத்தோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மீதமுள்ள இழப்பீட்டைக் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 1991-இலிருந்து 2025 வரை எத்தனை ஆட்சி, எத்தனை ஆட்சியர்கள், மனு போட்ட தலைமுறையில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்! நடுவில் மாவட்டமே மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒரு மனிதரின் ஆர்வத்தை நம்பி இவ்வளவு காலம் ஒரு விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்பா ஆற்றோரம் விவசாயம் பார்த்தவர், மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்ற குடும்பங்கள் எங்கள் உறுப்பினர்களிலேயே உண்டு. கம்பெனியை மூடு என்றும் அவர்களால் சொல்ல முடியாது, கிணற்றை மற என்றும் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்த நிலைப்பாடுதான் வெளியே நிற்கும்.

குரல் கொடுக்கிற கட்டத்துக்கு வந்தால் வேலை வேறு மாதிரி. நிலைப்பாட்டை ஒரே பக்கத்தில் எழுதி, பின்னால் நாலு பக்கக் குறிப்பை இணைத்து, ஆணையருக்கும் மேயருக்கும் அந்தப் பகுதியின் எல்லாக் கவுன்சிலர்களுக்கும் ஒரே நாளில் கொடுத்தோம். ஆளும் கட்சிக்காரருக்கு முதலில், எதிர்க்கட்சிக்காரருக்கு அப்புறம் என்று நாள் தள்ளிக் கொடுத்தால் அதுவே ஒரு செய்தியாகிவிடும். வண்டி நிறுத்தம் போக்குவரத்துக் காவலரிடம் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு பிரதி. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கி வைத்தோம். கூட்டமாகப் போகவில்லை, கடைக்காரர், ஆட்டோக்காரர், நர்ஸ் மூவர்தான் போனார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர், "வியாபாரிகள் ஒத்துக்க மாட்டாங்களே" என்று ஆரம்பித்தால் கடைக்காரர் பதில் சொல்வார். "பெண்களுக்குப் பாதுகாப்பு" என்றால் நர்ஸ் சொல்வார். பெரிய கூட்டமாகப் போய்க் கோஷம் போட்டிருந்தால் இவ்வளவு நேரம் எங்களை உட்கார வைத்துப் பேசியிருப்பார்களா என்று தெரியவில்லை.

நகரத்தில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையையும் விடுவதில்லை. நகர்ப்புறத்தில் இதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகச் சபைகள் கூடின. கிராமசபை அளவுக்கு நகரத்து மக்களுக்கு இது இன்னும் பழகவில்லை. வந்து குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் அங்கே கேட்பது ஒன்றுதான்: நாங்கள் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். எழுத்தில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

தேர்தல் வந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்விகளை அனுப்புகிறோம். வருகிற பதிலை அவர்கள் வார்த்தையிலேயே அச்சடித்துக் கொடுக்கிறோம். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் வரவில்லை" என்று மட்டும் போடுகிறோம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதில்லை. மதிப்பெண் போடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எங்கள் நிலைப்பாட்டுக்கு யார் பதில் பொருந்துகிறது என்று மதிப்பெண் போட்டால் அது ஆதரவுதான். வாக்காளரே படித்துப் பார்த்துக்கொள்ளட்டும். வேட்பாளர்கள் தங்கள் சொத்தையும் வழக்குகளையும் பிரமாண வாக்குமூலத்தில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை 2002-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்ததும், கட்சி சாராத சில பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடர்ந்த வழக்கிலிருந்துதான். இவருக்குப் போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போடு என்பதற்கு வழி செய்தார்கள்.

தெருவில் இதுவரை நடந்தது முழு வெற்றி இல்லை. ஒரு பக்க நடைபாதையில் டூ வீலர் நிறுத்தக் கூடாது என்று பலகை வந்திருக்கிறது. காவலர் நிற்கிற நேரத்தில் அது நடக்கிறது. சில கடைகள் படிக்கட்டை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கின்றன. முதலில் தள்ளியது எங்கள் உறுப்பினரின் கடை. பூக்கட்டும் அம்மாவும் அவர் பக்கத்து வியாபாரிகளும் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். விற்பனைக் குழுவில் குடிமக்கள் அமைப்புகளுக்கு உள்ள இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அடுத்த படிப்புக்குப் பொதுக்குழு எடுத்திருப்பது நிக்கல்சன் கால்வாய். மழைக்காலத்தில் கன்சால்பேட்டைக்காரர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு அதுதான் காரணம் என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கால்வாயை அகலப்படுத்தினால் கரையோரம் பல காலமாகக் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதில்தான் பிரிந்து நிற்கிறோம். ஆய்வுக் குழுவில் தண்ணீர் புகும் வீட்டுக்காரர் ஒருவரும் கரையில் குடியிருப்பவர் ஒருவரும் சேர்ந்துவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம், கரையோர வீட்டில் வைத்திருக்கிறோம்.